ஆங்கிலச் சொல்லைக் கண்டால் அதன் ஊரைக் கேளுங்கள்

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்தில் ஒரு புதிய சொல்லைக் கண்டால் பொருளைத் தேடி அகராதியைத் திறக்கிறார்கள். பொருள் கிடைத்ததும் மூடிவிடுகிறார்கள். அதே பதிவில், சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே, அதை எப்படி ஒலிப்பது என்ற குறிப்பு இருக்கிறது. அகராதி சற்றுப் பெரியதாக இருந்தால், சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்ற குறிப்பும் இருக்கும். கண் இவ்விரண்டையும் தாண்டிப் போய்விடுகிறது. பல ஆண்டுகளாகக் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும்: அந்த இரண்டு குறிப்புகளையும் படிக்கப் பழகியவர்களுக்குப் பொருளும் எளிதில் மறப்பதில்லை. ஒலிப்பு, பொருள், பிறப்பு என்னும் மூன்றையும் வெவ்வேறு பாடங்களாக நினைப்பதுதான் நம்மைத் தடுமாற வைக்கிறது. ஒன்றை அறிந்தால் மற்ற இரண்டும் பாதி விளங்கிவிடும் என்பதைச் சில சொற்களைக் கொண்டு காட்ட முயல்கிறேன்.

தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர், இதுவரை காதால் கேட்டிராத தமிழ்ச் சொல்லையும் பிழையின்றி ஒலித்துவிடுவார். ‘க’ என்னும் எழுத்து ‘கல்’லில் ஒரு விதமாகவும் ‘தங்க’த்தில் வேறு விதமாகவும் ‘பக’லில் இன்னொரு விதமாகவும் ஒலித்தாலும், அது நிற்கும் இடமே அந்த வேறுபாட்டை முடிவு செய்துவிடுகிறது. ஆங்கிலத்துக்கும் இதே நம்பிக்கையோடு செல்கிறோம். அங்கே எழுத்து இன்றைய ஒலியைவிடப் பழைய வரலாற்றையே அதிகம் காட்டுகிறது. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்து நிலைபெறத் தொடங்கியது. அதே காலத்தில், ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை, ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் அனைத்தும் இடம் பெயர்ந்துகொண்டிருந்தன. டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் இதற்குப் பெரும் உயிரொலிப் பெயர்ச்சி என்று பொருள்படும் பெயரை இட்டார். இன்று ‘நேம்’ என்று ஒலிக்கும் சொல் அதற்கு முன் ‘நாமெ’ என்பதற்கு நெருக்கமாக ஒலித்தது. ‘டைம்’ ஒரு காலத்தில் ‘டீமெ’. ‘ஹவுஸ்’ அன்று ‘ஹூஸ்’. வீரனைக் குறிக்கும் ‘நைட்’ என்னும் சொல்லின் முதலில் நிற்கும் ‘கே’யையும் நடுவில் நிற்கும் ‘ஜி, எச்’ இரண்டையும் அக்காலத்தவர் வாயால் ஒலித்தார்கள். பேச்சு நகர்ந்து போயிற்று. எழுத்து அங்கேயே நின்றுவிட்டது.

சில சொற்களில் எழுத்து ஒரு வட்டாரத்தையும் ஒலி இன்னொரு வட்டாரத்தையும் சேர்ந்திருக்கிறது. புதைத்தலைக் குறிக்கும் ‘பெரி’, ஓய்வின்றி இருப்பதைக் குறிக்கும் ‘பிஸி’ ஆகிய இரண்டையும் ‘யு’ இட்டே எழுதுகிறோம். இரண்டிலும் ‘உ’வும் இல்லை, ‘யூ’வும் இல்லை. இங்கிலாந்தின் மேற்குப் பகுதி எழுதிய முறை எழுத்தில் தங்கிவிட்டது. ‘பெரி’யின் ஒலி தென்கிழக்கில் உள்ள கென்ட் வட்டாரத்திலிருந்தும், ‘பிஸி’யின் ஒலி இங்கிலாந்தின் நடுப்பகுதியிலிருந்தும் வந்து நிலைத்தன.

ஊமை எழுத்துகளின் கதை இதைவிடச் சுவையானது. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்னும் சொல்லின் நடுவே, ‘ஏ, பி, சி’ வரிசையின் இரண்டாம் எழுத்து ஒலிக்காமல் நிற்கிறது. அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தபோது அந்த எழுத்து அதில் இல்லை. பிற்காலத்து அறிஞர்கள், இதன் மூதாதை இலத்தீனின் ‘டெபிட்டும்’ அல்லவா என்று கருதி, அந்த மூதாதையின் நினைவாக ஓர் எழுத்தைச் செருகினார்கள். மக்கள் வாய் அதை ஏற்கவில்லை. ஐயத்தைக் குறிக்கும் ‘டவுட்’டிலும் இதுவே நடந்தது. பணம் பெற்றதற்கான சீட்டைக் குறிக்கும் ‘ரிசீட்’டில் ‘பென்’னின் முதலெழுத்து இவ்வாறே புகுந்தது. குற்றம் சாட்டுதலைக் குறிக்கும் ‘இன்டைட்’டில் ‘சி’யைச் செருகினார்கள், அது ஊமையாகவே இருக்கிறது. தீர்ப்பைக் குறிக்கும் ‘வெர்டிக்ட்’டிலும் அப்படியே ‘சி’யைச் செருகினார்கள், அங்கே அது நாளடைவில் வாய் திறந்துவிட்டது. தவற்றைக் குறிக்கும் ‘ஃபால்ட்’டில் ‘எல்’ ஒலிப்பதும் அவ்வாறு பின்னால் வந்ததே. தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’டில் உள்ள ‘எஸ்’ மட்டும் முழுத் தவறு. அது இலத்தீனோடு உறவற்ற, பழைய ஆங்கிலத்திலேயே பிறந்த சொல். இலத்தீன் வழியில் பிரெஞ்சைக் கடந்து வந்த ‘ஐல்’ என்னும் வேறொரு தீவுச் சொல்லோடு அதைக் குழப்பி ‘எஸ்’ சேர்த்துவிட்டார்கள்.

ஆயினும் மாணவர்கள் ஊமை எழுத்துகளை வெறுப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அவை உறவைக் காட்டும் எழுத்துகள். ‘டெட்’டில் பேசாத எழுத்து, வங்கிக் கணக்கில் நாம் அன்றாடம் காணும் ‘டெபிட்’டில் பேசுகிறது. கையெழுத்திடுதலைக் குறிக்கும் ‘சைன்’ என்பதில் ஊமையான ‘ஜி’, ‘சிக்னேச்சர்’ என்பதில் ஒலிக்கிறது. ‘பாம்’ என்னும் குண்டின் இறுதி எழுத்து, குண்டு மழை பொழிதலைக் குறிக்கும் ‘பம்பார்ட்’டில் ஒலிக்கிறது. இலையுதிர்காலமாகிய ‘ஆட்டம்’ இறுதியில் மறைத்து வைத்திருக்கும் ‘என்’, ‘ஆட்டம்னல்’ என்னும் பெயரடையில் வெளிப்படுகிறது. கண்டித்தலைக் குறிக்கும் ‘கண்டெம்’, ‘காண்டெம்னேஷன்’ ஆகும்போதும் அப்படியே. ஊமை எழுத்து ஒன்றைக் கண்டால், அது எந்த உறவுச் சொல்லில் ஒலிக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஒரு சொல்லுக்குப் போய் இரண்டு சொல்லோடு திரும்புவீர்கள்.

இனி ஊரைக் கேட்பதற்கு வருகிறேன். ‘சி’யும் ‘எச்’சும் இணைந்து வரும்போது அவற்றுக்கு மூன்று ஒலிகள் உண்டு: ‘சேர்’ என்னும் நாற்காலியில் வரும் வல்லின ‘ச்’, ‘மெஷின்’ என்பதில் வரும் ‘ஷ்’, ‘கெமிஸ்ட்ரி’ என்பதில் வரும் ‘க்’. இவற்றை மனப்பாடம் செய்வோர் வாழ்நாளெல்லாம் செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான். சொல்லின் பிறப்பைக் கேட்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களிலும், நார்மானியர் 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றியதை அடுத்த சில நூற்றாண்டுகளில் நுழைந்த பழைய பிரெஞ்சுச் சொற்களிலும் அது ‘ச்’. பிற்காலத்தில் வந்த பிரெஞ்சுச் சொற்களில் ‘ஷ்’. கிரேக்கச் சொற்களில் ‘க்’.

தலைவரைக் குறிக்கும் ‘சீஃப்’, சமையற்கலைஞரைக் குறிக்கும் ‘ஷெஃப்’ இரண்டும் ஒரே பிரெஞ்சுச் சொல்லே என்பதை அறிந்தால் இந்த விதி மறக்காது. தலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழியில் பிறந்த அது, முதலில் நடுக்காலத்தில் ஆங்கிலத்துக்குள் வந்தது. அப்போது பிரெஞ்சுக்காரர்களே அதை ‘ச்’ என்றுதான் ஒலித்தார்கள். பின்னர் பிரெஞ்சில் அந்த ஒலி ‘ஷ்’ ஆக மெலிந்தது. 19ஆம் நூற்றாண்டில் சமையலறைத் தலைவரின் பெயராக அதே சொல் இரண்டாம் முறை வந்தபோது, புதிய ஒலியோடு வந்தது. மறைத்து வைத்த சேமிப்பைக் குறிக்கும் ‘கேஷ்’ என்னும் சொல்லையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். கணினித் துறையில் நாள்தோறும் புழங்கும் இச்சொல்லைப் பலர் ‘கேட்ச்’ என்றும் ‘கேச்’ என்றும் ஒலிக்கிறார்கள். மறைத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல் இது. ஆகையால் ‘ஷ்’, ஒலியளவில் ரொக்கப் பணத்தைக் குறிக்கும் சொல்லைப் போலவே. பயன்படுத்துவோர் கண்ணுக்குத் தெரியாமல் விரைவுக்காக ஒதுக்கி வைக்கப்படும் நினைவகத்துக்கு ஏன் இப்பெயர் வந்தது என்பதும் உடனே புலப்பட்டுவிடுகிறது.

கிரேக்கத்தின் ‘க்’ ஒலியோடு வரும் சொற்கள் பல நமக்குப் பழக்கமானவை: கோரஸ், எக்கோ, ஆர்க்கிடெக்ட். அதே வழியில் அரிய சொற்களையும் ஒலிக்கலாம். ஆவணக் காப்பகம் ‘ஆர்க்கைவ்’ ஆகும்; ‘ஆர்ச்சிவ்’ அன்று. பெரும் பிளவைக் குறிக்கும் சொல் ‘காஸம்’. சிங்கமும் ஆடும் பாம்பும் கலந்த கிரேக்கத் தொன்ம விலங்கின் பெயரான ‘கைமீரா’, இன்று நடக்கவே முடியாத கற்பனைக்கும், உயிரியலில் இருவேறு மரபுக்கூறுகளைக் கொண்ட உயிரணுக்கள் கலந்திருக்கும் உடலுக்கும் பெயராக இருக்கிறது. தலைமைப் பேராயரைக் குறிக்கும் ‘ஆர்ச்பிஷப்’ இதற்கு விலக்கு. கிரேக்க வேர் கொண்டதாயினும் அது மிகப் பழங்காலத்திலேயே ஆங்கிலத்தில் குடியேறி, ஆங்கிலச் சொல்லாகவே மாறிவிட்டது.

இறுதியில் வரும் ‘ஈ’ எழுத்து ஊமை என்று பள்ளியில் படித்திருப்போம். பழைய கிரேக்கத்திலிருந்து முழுச்சொல்லாகவே வந்தவற்றில் அது ஒலிக்கும். ஒரு பண்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டு என்னும் பொருள் தரும் ‘எபிடமி’யை ‘எபிடோம்’ என்றும், உயர்வு நவிற்சியைக் குறிக்கும் ‘ஹைபர்பலி’யை ‘ஹைபர்போல்’ என்றும் வாசிப்பது இங்கே மிகப் பரவலாக இருக்கிறது. இரண்டுக்கும் நான்கு அசைகள். அழுத்தம் இரண்டாம் அசையில். முன்னதன் வேர்ப்பொருள் வெட்டிச் சுருக்கியது என்பது; பின்னதன் வேர்ப்பொருள் எல்லைக்கு அப்பால் எறிந்தது என்பது. இலத்தீனிலிருந்து அப்படியே வந்த சில சொற்களிலும் இறுதி எழுத்து ஒலிக்கும். உவமையைக் குறிக்கும் ‘சிமிலி’ ஒன்று. சமையல் குறிப்பைக் குறிக்கும் ‘ரெசிபி’ இன்னொன்று. அது ‘எடுத்துக்கொள்’ என்னும் இலத்தீன் ஏவல் வினை. மருத்துவர்கள் மருந்துச் சீட்டின் தலைப்பில் அதை எழுதி, அதன்கீழ் மருந்துகளை வரிசைப்படுத்தினார்கள். மருந்துக்குரிய குறிப்பு பின்னர் உணவுக்குரிய குறிப்பாயிற்று.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது அழுத்தம். நம்மவர்களின் ஆங்கிலம் வெளிநாட்டார் காதில் விளங்காமல் போவதற்கு மெய்யொலிகளைவிட அழுத்தமே பெருங்காரணம் என்பது என் உறுதியான கருத்து. தமிழில் அசைக்கு நீளம் உண்டு. சொல்லின் பொருளை மாற்றும் அழுத்தம் இல்லை. நம் யாப்பு அசைகளைக் குறிலும் நெடிலும் ஒற்றும் கொண்டு நேர் என்றும் நிரை என்றும் பகுக்கிறது. ஆங்கில யாப்பு அழுத்தம் பெற்ற அசை, பெறாத அசை என்றே பகுக்கிறது. ஓர் ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை ஓங்கி, உயர்ந்து, நீண்டு ஒலிக்கும், மற்றவை சுருங்கும். சுருங்கிய அசையின் உயிர் பெரும்பாலும் ‘ஷ்வா’ என்னும் நடுநிலை ஒலியாகத் தேய்ந்துவிடும். ‘பாக்கு’, ‘நாடு’ என்னும் சொற்களின் ஈற்று உகரம் தன் அளவில் குறைந்து ஒலிப்பதைக் குற்றியலுகரம் என்று படித்த நமக்கு, ஒலிக் குறுக்கம் புதிய செய்தி அன்று. நம்மிடம் இகர, உகரங்கள் சில இடங்களில் குறுகுகின்றன. ஆங்கிலத்தில் எந்த உயிரெழுத்தும் குறுகி ஷ்வாவாகலாம். வாழைப்பழத்தைக் குறிக்கும் ‘பனானா’வில் எழுத்தளவில் ஒரே உயிர் மூன்று முறை வருகிறது, நடுவில் உள்ளது மட்டுமே முழு உயிர், மற்ற இரண்டும் ஷ்வா. ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுதான். ஆனால் ஆங்கில நெடுங்கணக்கில் அதற்கென்று ஓர் எழுத்துகூட இல்லை.

அழுத்தம் இடம் மாறினால் பொருளும் மாறிவிடுகிறது. ‘ரெக்கார்ட்’ என்று முதல் அசையை அழுத்தினால் ஆவணம். ‘ரிகார்ட்’ என்று இரண்டாம் அசையை அழுத்தினால் பதிவு செய்தல். ஒரே எழுத்துகளால் ஆன சொல்லை ‘ரெஃப்யூஸ்’ என்றால் குப்பை, ‘ரிஃப்யூஸ்’ என்றால் மறுத்தல். ‘இன்வலிட்’ என்னும் சொல்லின் முதல் அசையில் அழுத்தம் இருந்தால் நோயால் நெடுநாள் முடங்கியவர்; இரண்டாம் அசையில் இருந்தால் செல்லாதது. ‘என்ட்ரன்ஸ்’ முதல் அசையில் அழுந்தினால் நுழைவாயில். இரண்டாம் அசையில் அழுந்தினால் மெய்ம்மறக்கச் செய்தல். நிமிடத்தைக் குறிக்கும் ‘மினிட்’டும் மிக நுண்ணிய என்னும் பொருளுடைய ‘மைன்யூட்’டும் எழுத்தில் ஒன்றே, பிறப்பிலும் ஒன்றே. மணியை அறுபதாகப் பகுத்த முதற் சிறுகூறு என்னும் இலத்தீன் தொடரிலிருந்து ‘மினிட்’ வந்தது. அதை மீண்டும் அறுபதாகப் பகுத்த இரண்டாம் சிறுகூறே ‘செகண்ட்’.

அழுத்தம் எங்கே விழும் என்பதிலும் சொல்லின் ஊர் பேசுகிறது. தந்தை, தாய், தண்ணீர், குளிர்காலம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலத்தின் சொந்தச் சொற்கள் முதல் அசையில் அழுத்தம் பெறுகின்றன. பிற்காலப் பிரெஞ்சுச் சொற்கள் இறுதி அசையில் பெறுகின்றன: ஹோட்டல், மெஷின், போலீஸ் மூன்றும் அப்படிப்பட்டவை, மூன்றிலும் நாம் முதல் அசையை அழுத்திவிடுகிறோம். முன்பே வந்து குடியேறிய பிரெஞ்சுச் சொல்லான ‘வில்லேஜ்’ முதல் அசைக்கு மாறி, ஈற்றசை தேய்ந்து, ‘விலிஜ்’ என்றே ஒலிக்கிறது. பின்னால் வந்த ‘மசாஜ்’ தன் ஈற்று நெடிலை இழக்கவில்லை. இலத்தீன், கிரேக்க ஈறுகளோ அழுத்தத்தைத் தம் அருகே இழுத்துக்கொள்கின்றன. ‘ஃபோட்டோகிராஃப்’ முதல் அசையிலும், ‘ஃபொடாகிரஃபி’ இரண்டாம் அசையிலும், ‘ஃபோட்டோகிராஃபிக்’ மூன்றாம் அசையிலும் அழுந்தும். அரசியலைக் குறிக்கும் ‘பாலிடிக்ஸ்’ முதல் அசை, அதன் பெயரடையான ‘பொலிட்டிகல்’ இரண்டாம் அசை, அரசியல்வாதியாகிய ‘பாலிடிஷன்’ மூன்றாம் அசை.

மெய்யொலிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழில் ஒரே வகரம் இருப்பதால், உதடுகளைக் குவித்து ஒலிக்கும் ‘வெஸ்ட்’ என்னும் மேற்கும், மேற்பல் கீழுதட்டைத் தொட ஒலிக்கும் ‘வெஸ்ட்’ என்னும் உள்ளாடையும் நம் வாயில் ஒன்றாகிவிடுகின்றன. பேச்சுத் தமிழில் ‘எவ்வளவு’ என்பதற்கு முன் ஒரு யகரம் மெல்லத் தோன்றுவதுபோல், ஆங்கிலத்தின் ‘எவ்ரி’யும் ‘யெவ்ரி’ ஆகிறது. ‘டீ’ எழுத்தின் ஒலியைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டும். ஆங்கிலத்தில் நாநுனி மேற்பல் ஈறைத் தொட்டு அந்த ஒலி பிறக்கிறது. நாமோ நாவை மடித்து ‘ட்’ என்கிறோம். ஈழத்தமிழர் இந்த வேறுபாட்டை எழுத்திலேயே காட்டுகிறார்கள். ரொறன்ரோ, பற்றரி, கொன்ரோல் என்று அவர்கள் எழுதுவதைக் கண்டு இங்குள்ளவர்கள் வியப்பதுண்டு. ‘காற்று’ என்பதில் உள்ள இரட்டை றகரத்தை யாழ்ப்பாணத்தார் நாநுனியால் மேற்பல் ஈறைத் தொட்டே ஒலிக்கிறார்கள். அது ஆங்கில ஒலிக்கு நம் டகரத்தைவிட நெருக்கமானது. மலையாளத்திலும் அந்த ஒலி உயிரோடு இருக்கிறது. அவர்கள் எழுத்து முறை காதால் கேட்டு எழுதிய முறை என்றே நான் மதிக்கிறேன்.

தேய்ந்த சொற்களுக்கு நம் இலக்கணத்தில் மரூஉ என்று பெயர் உண்டு. கோயம்புத்தூர் கோவையாகவும், புதுச்சேரி புதுவையாகவும், உதகமண்டலம் உதகையாகவும் மருவின. நாம் மருவிய வடிவத்தை அப்படியே எழுதிவிடுகிறோம். ஆங்கிலேயர் முழு வடிவத்தை எழுதிவிட்டு மருவியதை ஒலிக்கிறார்கள். எழுத்தில் மூன்று அசைகளாகத் தோன்றும் ‘லெஸ்டர்’, ‘குளாஸ்டர்’ ஆகிய ஊர்ப்பெயர்கள் இரண்டே அசைகளில் முடிகின்றன. நாம் கிரீன்விச் என்று எழுதும் ஊர் அங்கே ‘கிரெனிச்’. கடலோடிகளின் சொற்களும் இவ்வகையே. கப்பலில் தளப் பணியாளர்களை மேற்பார்ப்பவரின் பெயர் எழுத்தில் படகையும் ஏவலனையும் குறிக்கும் இரு சொற்களின் சேர்க்கை. ஒலியில் வெறும் ‘போஸன்’. கப்பலின் முன்பகுதி மேல்தளம் எழுத்தில் முன்கோட்டை, ஒலியில் ‘ஃபோக்ஸல்’. ஒரு காலத்தில் பீரங்கிகளைத் தாங்கிய பக்க விளிம்புக்குப் பெயர் ‘கனல்’. அதை எழுதும் முறையில் பீரங்கி இன்னும் தெரிகிறது.

நம் மொழியிலிருந்து அங்கே சென்ற சொற்களுக்கும் இந்த முறை பொருந்துகிறது. கட்டுமரம் ‘கேட்டமரேன்’ ஆகி, ஈற்றசையில் அழுத்தம் பெற்று, இன்று இரட்டை உடல் கொண்ட படகுகளைக் குறிக்கிறது. மிளகுத் தண்ணீர் ‘மல்லிகடானி’ என்னும் வடிசாறாகி, ‘டா’வில் அழுந்துகிறது. மாணிக்கமும் நீலமும் அடங்கிய கனிமத்தின் பெயரான ‘கொரண்டம்’, தமிழின் குருந்தத்திலிருந்து வந்ததாக அகராதிகள் தருகின்றன. சுருட்டு ‘ஷெரூட்’ ஆயிற்று. திருச்சிச் சுருட்டு பிரித்தானியக் கடைகளில் ஊர்ப்பெயரோடு விற்ற காலம் ஒன்று இருந்தது. நம் சகரம் அங்கே ‘ச்’ ஆகாமல் ‘ஷ்’ ஆனதற்கும், அழுத்தம் இறுதி அசையில் விழுவதற்கும் காரணத்தை அகராதியின் பிறப்புக் குறிப்பு ஒரே சொல்லில் தந்துவிடுகிறது: அந்தச் சுருட்டு ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாகப் போய்ச் சேர்ந்தது.